நிஜமான ஐந்தரை மணி

நகரத்தில் ஓடும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருந்துகளும் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதித் தருகிறவருக்கு, தன் வீட்டு ஆட்கள் மூன்று பேரைச் சொன்ன நேரத்துக்கு ஒரு காரில் ஏற்றத் தெரியாது. அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாத ரகசியம். வீட்டில் இது ரகசியமே இல்லை, பொழுதுபோக்கு.

அவரை எல்லோரும் அட்டவணைக்காரர் என்றுதான் சொல்வார்கள். கால அட்டவணைப் பிரிவில் இருபத்தைந்து வருட வேலை. எந்தப் பேருந்து எந்தத் திருப்பத்தில் எத்தனை நிமிடம் தாமதிக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அப்படிப்பட்டவர், கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கென்று ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் மனைவியிடம் ஏழே முக்கால் என்பார். மனைவி எட்டு மணிக்கு வருவாள், வேலை முடிந்தது. கொஞ்ச நாளில் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இவர் ஏழே முக்கால் என்றால் அது எட்டுதானே என்று எட்டேகாலுக்கு வந்து நின்றாள். இவர் ஏழரை ஆக்கினார். இப்படியே ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு போய், கடைசியில் அரை மணி நேரத்தில் சமாதானமாகி நின்றார்கள். அவர் சொல்வதோடு அரை மணி கூட்டிக்கொள்வது வீட்டுச் சட்டமானது. மகள் பேச ஆரம்பித்த வயதிலேயே இந்தக் கூட்டலைக் கற்றுக்கொண்டாள். மனைவியின் தம்பி மட்டும் முக்கால் மணி கூட்டுவான். கேட்டால், "சேதாரம் சேர்த்து மாமா" என்பான்.

இந்தத் தம்பிக்கு ஸ்டெப்னி என்று பெயர். யார் எங்கே கிளம்பினாலும் பின்சீட்டில் ஏறிக்கொள்வான், பெரும்பாலும் தேவைப்பட மாட்டான் என்பதால் வந்த பெயர். அவனே அதைச் சந்தோஷமாகச் சொல்லித் திரிவான்.

முழு சூரிய கிரகணம் வரப்போகிறது என்ற செய்தி வந்த அன்றே அட்டவணைக்காரர் ஒரு வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டார். முழு மறைவு தெரியும் பாதை நூற்றைம்பது கிலோமீட்டர் தெற்கே போனது. அவர்கள் ஊரில் தொண்ணூற்றேழு சதவீதம்தான்.

"தொண்ணூத்தேழு போதாதாப்பா? நான் பரீட்சையில வாங்கினா தலையில தூக்கி வெச்சுக்குவீங்க" என்றாள் மகள்.

"பஸ்ல ஒரு கால வெச்சு, இன்னொரு கால் ரோட்டுல இருந்தா அது ஏறினதா?"

"முக்கால்வாசி ஏறின மாதிரிதான்."

"அந்த முக்கால்வாசிய நான் ஏற்கனவே பார்த்தாச்சும்மா" என்றார் அவர். உடனே எல்லோரும் மனைவியின் பக்கம் திரும்பினார்கள். செருப்புக் கதை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

செருப்புக் கதை இதுதான். இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி எட்டாவது மாதம், இதேபோல ஒரு முழு கிரகணம். புருஷனும் பெண்டாட்டியும் ரயிலேறிப் போனார்கள். இறங்கிய ஊரில் ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்து மலையடிவாரத்துக்குப் போவதாகத் திட்டம். ரயிலை விட்டு இறங்கும்போது அவளுடைய செருப்பு வார் அறுந்தது. ஊக்கு தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து பஸ் நிலையத்துக்கு வந்தபோது மணி ஏழு இருபது. பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் பத்து மணிக்கு, கிரகணமோ ஒன்பதே முக்காலுக்கு. பஸ் நிலையத்து வாசலில் நின்றபடியே தொண்ணூற்றாறு சதவீதம் பார்த்தார்கள். வெயில் கொஞ்சம் மங்கியது, மறுபடி வெளுத்தது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அட்டவணைக்காரர் ஆரம்பித்துவிடுவார். "என் சூரியன ஒரு செருப்பு தின்னுடுச்சு" என்று அவர் முடிக்கும்போது கூட்டம் கொல்லென்று சிரிக்கும். மனைவியும் சிரிப்பாள். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. அதனால் நேரம் தவறுகிறவள் என்ற பட்டம் அவளுக்கு நிரந்தரமாகிவிட்டது.

இத்தனைக்கும் அவள் வேலையில் புலி. கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையைப் படம் எடுக்கிறவள். நோயாளியின் தாடையைக் கருவியில் பொருத்தி, "இமைக்காதீங்க, இமைக்காதீங்க, முடிஞ்சுது" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிறவள். டாக்டர் இல்லை. ஆனால் வீட்டில் டாக்டரம்மா என்றுதான் பெயர், ஏனென்றால் டாக்டரை விட அதிகமாக மிரட்டுவாள். ஒவ்வொரு கிரகணத்துக்குப் பிறகும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். "வலிக்கவே இல்லம்மா, அதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்பார்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. மறுநாள் பேப்பர் படிக்கும்போதுதான் எழுத்தின் நடுவே ஒரு ஓட்டை தெரியும். அப்படி ஒரு தையல்காரர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் வந்து உட்கார்ந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே பயணத்துக்கு அவள் ஒப்புக்கொண்டபோது ஒரு நிபந்தனை போட்டாள். "போற நேரம், வர்ற நேரம் எதுவோ செஞ்சுக்குங்க. ஆனா கண்ணாடிய எப்ப போடணும், எப்ப கழட்டணும்னு நீங்க எழுதுற தாள்ல ஒரு வரி கூட பொய் இருக்கக் கூடாது. அதுல உங்க வித்தையக் காட்டினீங்க, அப்புறம் நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே தாளில் பாதி நிஜமும் பாதி பொய்யுமாக எழுத அவருக்கு மனம் வரவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உண்மையையே எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். பூமியும் நிலாவும் சூரியனும் சொன்ன நேரத்துக்கு வரும்போது, தான் மட்டும் அரை மணி நேரம் புளுகுவது அசிங்கம் என்று பட்டது.

தாள் தயாரானது. கிளம்புவது ஐந்தரை. பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறைக்குப் பத்து நிமிடம். போய்ச் சேருவது எட்டே முக்கால். ஒன்பது மணிக்கு மேல் கூட்டத்தைக் கட்டுப்படுத்த அந்த ஒற்றைச் சாலையை மூடிவிடுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். இடம், பழைய சேமிப்புக் கிடங்கின் லாரி நிறுத்துமிடம். சுற்றிலும் மரம் மறைக்காது, சுத்தமான கழிப்பறை உண்டு. பத்து பத்தொன்பதுக்கு நிலா கடிக்க ஆரம்பிக்கும், கண்ணாடி கட்டாயம். பதினொன்று நாற்பத்திரண்டு இருபது வினாடிக்கு முழு மறைவு. இரண்டு நிமிடம் எட்டு வினாடி கண்ணாடி வேண்டாம். அதன்பின் மறுபடி கண்ணாடி. தலைப்பில் சிவப்பு மையில், 'எல்லா நேரமும் நிஜமான நேரம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் அதை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார், கிரகணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் வரை.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா சாப்பாட்டு மேசையில் கண்ணாடிப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, கைபேசி விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து, படலத்தில் ஊசிமுனை ஓட்டையோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்தாள். ஸ்டெப்னி வழியில் எங்கோ வாங்கிய கண்ணாடி ஒன்றைப் பெருமையாக நீட்டினான். மாட்டிப் பார்த்தாள்.

"இதுல டியூப்லைட் தெரியுது, சுவர்க் கடிகாரம் தெரியுது, உன் இளிப்பும் தெரியுது. நல்ல கண்ணாடின்னா சூரியனத் தவிர ஒண்ணும் தெரியக் கூடாதுடா."

"அப்ப இது?"

"இது குப்பை" என்று கத்தரியால் இரண்டாக வெட்டினாள்.

"பரவாயில்லக்கா, என்கிட்ட எக்ஸ்ரே இருக்கு. போன வருஷம் நெஞ்சு வலின்னு எடுத்தது. அது வழியா பார்க்கலாமாமே?"

"பாரு. ஆனா உன் நெஞ்சுக்குள்ள இருந்ததே ஒண்ணுமில்ல, அத வெச்சு சூரியன மறைக்க முடியாது. அதையும் கொடு இங்க." எக்ஸ்ரேயும் பறிமுதலானது. ஸ்டெப்னிக்கு நல்ல கண்ணாடி ஒன்று வழங்கப்பட்டது, பெயர் எழுதி.

பக்கத்து அறையில் காலுறை மடித்துக்கொண்டிருந்த அட்டவணைக்காரருக்கு இதெல்லாம் காதில் விழுந்து சிரிப்பு வந்தது. அடுத்து விழுந்ததில் சிரிப்பு போய்விட்டது.

"அம்மா, அலாரம் எத்தனைக்கு வைக்க?"

"அப்பா அஞ்சரைன்னு எழுதியிருக்கார். அப்ப ஆறு. நீ அஞ்சே காலுக்கு எழுந்தா போதும்."

"எனக்கு ஆறேகால்" என்றான் ஸ்டெப்னி.

அவர் அப்படியே ஓடிவந்தார். "ஐயோ, இந்தத் தடவ நிஜமாவே அஞ்சரை. சிவப்புல எழுதியிருக்கேனே, பார்க்கலையா?"

"பார்த்தோம்ப்பா" என்றாள் மகள் இரக்கத்தோடு. "சித்தி பொண்ணு கல்யாணத்துக்கும் சிவப்புலதான் எழுதினீங்க."

"அதுக்கு ஒரு கோடுதான் போட்டேன்."

"மாமா, நீங்க கோடு போடப் போட எனக்கு சந்தேகம் கூடுது."

அவர் சத்தியம் செய்தார், எடுபடவில்லை. சாலை மூடுவதைச் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள். ரயில் கேட் மூடுவதாக, பாலம் உடைந்ததாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாரே. ஐந்து மணி என்று மாற்றி எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுதினால் ஐந்தரைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் ஒரு வரியை மாற்றினால், கண்ணாடி வரிகளையும் யார் நம்புவார்கள்? தாள் முழுக்கப் பொய் என்றாகிவிடும். இரண்டாவது தடவையும் சூரியன் கையை விட்டுப் போகப்போகிறது, இந்த முறை சொல்லிக்கொள்ள ஒரு செருப்பு வார்கூட இல்லை.

மகளும் ஸ்டெப்னியும் எழுந்து போகும்வரை காத்திருந்து மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மூணு கோடு போட்டுட்டீங்களா?"

"அந்த ஏழு பத்து பஸ்."

அவள் கண்ணாடியை மாட்டியபடியே இருந்தாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அவளுக்குத் தெரியவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்தது.

"அது ஏழு பத்து இல்ல. ஆறு அம்பது. நான்தான் ஞாயித்துக்கிழமை வரிசையப் பார்த்து எழுதிட்டேன். அன்னிக்குப் புதன்கிழமை. நம்ம ரயில் வந்ததே ஆறே முக்காலுக்கு. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு கால் மணி நடை. உன் செருப்பு அறுந்திருக்காட்டாலும் அந்த பஸ்ஸ நாம பிடிச்சிருக்க மாட்டோம். ஒன்பதரைக்கு, சும்மா நிக்கிறப்போ, அங்க இருந்த போர்டப் பார்த்தேன். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

அவள் கைபேசி விளக்கைக் கண்ணாடிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தாள்.

"அப்பதான் அட்டவணைப் பிரிவுல சேர்ந்திருந்தேன். உங்க அப்பா வேற, 'ஊர் பஸ்ஸெல்லாம் எங்க மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்குத்தான் ஓடுது'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தார். எப்படிச் சொல்றது? வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு நினைச்சேன். வந்ததும் உங்க அண்ணன் ஏன் பார்க்கலன்னு கேட்டான், செருப்புன்னு வாயில வந்துடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி எனக்கே நிஜம் மாதிரி ஆயிடுச்சு. தப்புதான். ஆனா இப்ப சொல்றது நிஜம். அஞ்சரைன்னா அஞ்சரை."

டாக்டரம்மா விளக்கை அணைத்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்து உறையில் போட்டாள். "சரி" என்றாள்.

"சரின்னா?"

"அஞ்சரைக்குக் கார்கிட்ட இருக்கணும். அவ்வளவுதானே?"

"கோபமா?"

"இன்னும் ரெண்டு கண்ணாடி பார்க்கணும். வழிய மறைக்காதீங்க, வெளிச்சம் வேணும்."

இருபத்துநாலு வருடம் அமுக்கி வைத்திருந்ததை இறக்கிவைத்தவருக்கு இப்படி ஒரு 'சரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று புரியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை.

அதன் பலனாக, மறுநாள் காலை கண் அயர்ந்துவிட்டார். பதறி எழுந்து, குளித்து, கேஸை மூடினோமா என்று இரண்டு தடவை பார்த்து, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தபோது காரின் முன்சீட்டில் டாக்டரம்மா பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கண்ணாடிப் பெட்டி. பின்சீட்டில் மகள். அவளுக்குப் பக்கத்தில், பாதி தூக்கத்தில், தலை வாராமல் ஸ்டெப்னி. அவனை அக்கா எப்படி எழுப்பினாள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அவன் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு முப்பத்தொண்ணு" என்றாள்.

வழி முழுக்க அவள் சாதாரணமாகப் பேசினாள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தாள், முட்டை உரித்துக் கொடுத்தாள், முன்னே போகும் வண்டிக்காரனைத் திட்டினாள். நேற்றுச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டவணைக்காரர் ஒவ்வொரு மைல்கல்லிலும் இதோ கேட்கப்போகிறாள் என்று எதிர்பார்த்து ஏமாந்தார். எட்டு ஐம்பத்தொன்றுக்கு அவர்கள் கடந்ததும், பின்னால் காவலர்கள் ஒன்பது ஆகும்வரை காத்திருக்காமல் தடுப்பை இழுத்து வைத்தது காரின் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. ஆறு நிமிடப் பிந்தல். பேருந்து நிலையத்தில் இதற்கு அவர் விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்.

லாரி நிறுத்துமிடத்தில் திருவிழாக் கூட்டம். பத்து பத்தொன்பதுக்கு நிலா சூரியனின் ஓரத்தைக் கடித்தது. மகள் கொண்டுவந்த சல்லடையைத் தரைக்கு மேலே பிடித்தபோது அதன் நிழலில் நூறு பிறைகள் விழுந்தன. ஸ்டெப்னி பைனாகுலரை எடுத்தான். அவன் அக்கா அதை வாங்கிக் காருக்குள் வைத்துப் பூட்டினாள். மணி பதினொன்றரை ஆனபோது வெளிச்சம் ஒரு தினுசாக வெளிறி, காற்று குளிர்ந்தது. கூட்டத்தின் பேச்சு தானாகக் குறைந்தது.

அட்டவணைக்காரரின் கடிகாரம் பதினொன்று நாற்பத்திரண்டு இருபதைத் தொட்டது. அவர் கை கண்ணாடிக்குப் போனது. பளாரென்று அதில் ஓர் அடி விழுந்தது.

"என்ன அவசரம்? இன்னும் நூல் அளவு தெரியுது. இத உங்க தாள் சொல்லக் கூடாது, சூரியன் சொல்லணும்." அவள் கண்ணாடி வழியே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நூல் மெலிந்தது, புள்ளியானது, அணைந்தது. "இப்ப. கழட்டுங்க எல்லாரும்."

கழற்றினார்கள். நடுப்பகலில் ராத்திரி வந்திருந்தது. அட்டவணைக்காரர், கடவுளே, அப்போதும் கடிகாரத்தைத்தான் பார்த்தார். "நாலு செகண்டுதான் தாமதம்" என்றார். மனைவி அவர் தாடையைப் பிடித்தாள், ஆஸ்பத்திரியில் அறுபது பேருக்குச் செய்கிற அதே பிடி. நிமிர்த்தி மேலே திருப்பினாள்.

வானத்தில் சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம். அதைச் சுற்றி வெள்ளை ஒளி, ஈரத் தலைமுடியை உதறியதுபோல் நாலாபக்கமும் பரவியிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளி. அடிவானம் நாலு திசையிலும் ஒரே நேரத்தில் சிவந்திருந்தது. எட்டு மாதக் கல்யாணத்தில் இவளுக்குக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப்போனது இதைத்தான் என்ற எண்ணம் அவருக்கு வந்தது, வந்ததும் வெட்கமாக இருந்தது. அவள் கை இன்னும் அவர் தாடையில்தான் இருந்தது.

"இமைக்காதீங்க" என்றாள் அவள், மெதுவாக.

கைபேசி மணியடித்தது. அவள் வைத்திருந்த எச்சரிக்கை, இன்னும் பத்து வினாடி. கறுப்பின் ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு ஒளி வெடித்தது. "கண்ணாடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் முன்பின் தெரியாத இருபது பேர் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள்.

பகல் திரும்பி வந்தது. கூட்டம் கைதட்டியது. ஸ்டெப்னி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றான். மகள் அடுத்தது எப்போது என்று தேட ஆரம்பித்துவிட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் அட்டைக் கண்ணாடி மாட்டியபடி, ஒருவருக்கொருவர் தெரியாமல், பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"அந்த போர்ட நானும் பார்த்தேன்" என்றாள் அவள்.

"எந்த போர்டு?"

"பஸ் ஸ்டாண்டு போர்டு. நீங்க ஒன்பதரைக்குப் பார்த்தீங்க. நான் போனதும் பார்த்தேன், ஏழரைக்கு. நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க."

"அப்ப... இத்தனை வருஷமா... நீ ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பார்த்தேன். முதல் வருஷம் கோபம் இருந்துச்சு. அப்புறம் எப்படியும் லேட்டுன்னு பேர் வாங்கியாச்சு, வாங்கின பேருக்கு ஏத்த மாதிரி நடந்துக்கலாம்னு நிதானமா கிளம்ப ஆரம்பிச்சேன். சொல்லப்போனா சுகமாத்தான் இருந்துச்சு."

"தப்புதாம்மா" என்றார் அவர். "இனிமே அந்தச் செருப்புக் கதைய..."

"சொல்லுங்க, சொல்லுங்க. இனிமே முடிவோட சேர்த்துச் சொல்லுங்க." அவள் அவர் பக்கம் திரும்பினாள். கண்ணாடி வழியே ஒன்றுமே தெரிந்திருக்காது, ஆனாலும் சரியாக அவர் முகத்துக்கு நேரே பார்த்தாள். "நான் எப்பவும் அரை மணிதான் லேட்டு. நீங்க இருபத்துநாலு வருஷம்."